அரானேஸ் மொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் சிறுபான்மை மொழிகள் என்று பேச்செடுத்தால் பாஸ்க், வெல்ஷ், கத்தலான் ஆகியவைதான் முதலில் வரும். பிரனீஸ் மலைத்தொடருக்குள் சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பள்ளத்தாக்கின் மொழியை யாரும் சொல்வதில்லை. ஆனால் சட்டத் தகுதியை வைத்துப் பார்த்தால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மொழிகளுக்குக் கிடைக்காத இடம் அதற்குக் கிடைத்திருக்கிறது. அந்த இடம் எப்படிக் கிடைத்தது, அதனால் மொழிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன.

அரானேஸ் என்பது என்ன மொழி?

ஒக்சிதான் மொழியின் ஒரு வகை. ஒக்சிதான் என்பது தென் பிரான்ஸின் பழைய மொழி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் த்ரூபதூர் கவிஞர்கள் காதல் பாடல்கள் இயற்றியது இதில்தான். இதற்குப் பல கிளைகள் உண்டு: புரொவென்சால், லெங்கதோசியன், லிமூசின், காஸ்கோன் என்று. தென்மேற்கு மூலையில் பேசப்படும் காஸ்கோன் கிளையைச் சேர்ந்தது அரானேஸ். ஸ்பெயின் நாட்டில், கத்தலோனியாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் அரான் பள்ளத்தாக்கின் மொழி இது.

அரான் சரியாக எங்கே இருக்கிறது?

லெய்தா மாகாணத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி. பரப்பு சுமார் 630 சதுர கிலோமீட்டர். ஒன்பது நகராட்சிகள், தலைநகர் வியெல்யா.

வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பார்க்காமல் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், அப்போதுதான் விஷயம் பிடிபடும். ஸ்பெயின் பக்கத்துப் பிரனீஸ் ஆறுகள் பெரும்பாலும் தெற்கே இறங்கி எப்ரோவில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகின்றன. அரானின் ஆறு கரோன். அது வடக்கே பிரான்ஸுக்குள் இறங்கி, துலூஸ், போர்தோ வழியாக அட்லாண்டிக்கில் கலக்கிறது. அதாவது இந்தப் பள்ளத்தாக்கு மலைமுகட்டுக்கு வடபுறத்தில் இருந்துகொண்டே ஸ்பெயினைச் சேர்ந்தது.

கரோனின் பிறப்பிடம் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. பிரனீஸின் மிக உயரமான சிகரமான அனேத்தோவின் அடியில், அண்டை வட்டாரமான அராகோன் பக்கத்தில், பனியாற்று நீர் ஒரு பெரிய குழிக்குள் விழுந்து மறைந்துபோகும். அது எங்கே வெளிவருகிறது என்று நெடுங்காலம் வாக்குவாதம். 1931இல் நோர்பெர் காஸ்தெரே என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் அந்தக் குழியில் பச்சைச் சாயத்தைக் கொட்டினார். மலைக்கு அடியிலேயே ஓடி, அரானில் உள்ள ஒரு நீரூற்றில் பச்சை நிறத்தில் வெளிவந்தது தண்ணீர். மலைமுகட்டின் அந்தப் பக்கத்து நீரும் அட்லாண்டிக்குக்குத்தான் போகிறது என்று அன்று உறுதியாயிற்று.

இது கத்தலானின் ஒரு பேச்சுவழக்குதானே?

இல்லை. கத்தலோனியாவுக்குள் இருப்பதால் பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். கத்தலானும் ஒக்சிதானும் நெருங்கிய உறவு மொழிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒக்சிதான் கிளைகளிலேயே கத்தலானை விட்டு நன்றாக விலகி நிற்பது காஸ்கோன்தான். ஆகவே வியெல்யாவில் பேசுவது பார்சலோனாவில் காதில் விழுந்தால், அங்கிருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல் புரியும், வாக்கியம் நழுவிவிடும்.

எந்த வகையில் வேறுபடுகிறது? சில எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

முதலாவது, லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் வந்த ‘ஃப’ ஒலி காஸ்கோனில் ‘ஹ’ ஆகிவிட்டது. இரண்டாவது, இரண்டு உயிர்களுக்கு நடுவே இருந்த ‘ன’ காணாமல் போய்விட்டது. இரண்டையும் ஒரே சொல்லில் பார்க்கலாம்: மாவுக்கு லத்தீனிலும் கத்தலானிலும் ‘ஃபரினா’, அரானேஸில் ‘ஹரியா’. நிலவுக்கு லத்தீனில் ‘லூனா’, இங்கே ‘லுவா’. இதில் இன்னொரு வேடிக்கை: எழுத்தில் ‘ஹ’ போட்டாலும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் அதை உச்சரிப்பதில்லை. பிரான்ஸ் எல்லையோரக் கிராமங்களான பௌசென், கனெஜான் இரண்டிலும்தான் அந்த மூச்சொலி நிலைத்திருக்கிறது.

அப்புறம், ‘ர’வில் சொல்லைத் தொடங்கக் காஸ்கோனுக்குப் பிடிக்காது. ஆற்றுக்கான லத்தீன் சொல் ‘ரீவுஸ்’. அரானேஸில் அது ‘அர்ரியு’. முன்னால் ஓர் உயிரெழுத்தை ஒட்டிக்கொள்வது இராமனுக்கும் இராவணனுக்கும் பழகிய நமக்குப் புதிதல்ல. பாஸ்க் மொழிக்கும் இதே வழக்கம் உண்டு. காஸ்கோன் பேசப்படும் நிலத்தில் ரோமானியர் வருவதற்கு முன் இருந்த அக்விதானியர் பேசியது பாஸ்கின் உறவு மொழி என்பதால், இந்த விசித்திரங்களில் சிலவற்றுக்கு அதுவே காரணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு ஆண்பாலில் ‘எத்’, பெண்பாலில் ‘எரா’. இந்த ‘எத்’தைத்தான் ஊர்ப்பெயர்களிலும் மலைப்பெயர்களிலும் அடிக்கடி பார்ப்பீர்கள்.

ஸ்பெயினுக்குள் ஒரு காஸ்கோன் பேச்சு எப்படி வந்தது?

மொழி எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயேதான் இருந்தது. அதன் மேல் ஓர் அரசியல் எல்லை வந்து அமர்ந்தது.

பள்ளத்தாக்கு மக்கள் 1175இல் அராகோன் மன்னருடன் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மன்னர் காப்பார், அவர்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு கோதுமை கொடுப்பார்கள். அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில், 1283இல், பிரெஞ்சுப் படை வந்து பள்ளத்தாக்கைப் பிடித்தது. பிறகு பல ஆண்டுப் பேரத்துக்குப் பின் 1313இல் அது மீண்டும் அராகோன் மன்னர் இரண்டாம் ஜௌமேயிடம் வந்தது. அவர் அவர்களுடைய பழைய உரிமைகளை எல்லாம் எழுத்தில் உறுதிசெய்து கொடுத்தார். மேய்ச்சல் நிலம், காடு, நீர் ஆகியவற்றின் உரிமை, சொந்த ஆட்சிமுறை எல்லாம் அதில் அடக்கம். ‘கெரிமோனியா’ என்று பெயர். அரானியர்களுக்கு இன்றைக்கும் அதுதான் மூல ஆவணம். பள்ளத்தாக்கின் முக்கிய ஆவணங்களை ஆறு சாவி போட்டால்தான் திறக்கும் ஓர் அலமாரியில் வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கு ‘தெர்சோன்’ எனப்படும் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது, வட்டாரத்துக்கு ஒரு சாவி. ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது!

ஆட்சி தெற்கே இருந்தாலும் வாழ்க்கை வடக்கே பார்த்துத்தான் இருந்தது. தெற்குப் பக்கக் கணவாய்கள் குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக்கிடக்கும். வடக்கே ஆற்றோடு இறங்கினால் பிரான்ஸ். ஆடுமாடுகளும் சந்தையும் திருமண உறவும் அந்தப் பக்கம். 1513இல் இரு பக்கத்துப் பள்ளத்தாக்குகளும் சேர்ந்து, மன்னர்கள் போரிட்டாலும் நாங்கள் மேய்ச்சலையும் வணிகத்தையும் நிறுத்தமாட்டோம் என்று ஓர் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. தேவாலய நிர்வாகத்திலும்கூட பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அரான் பிரான்ஸிலுள்ள கொமாஞ்ஜ் மறைமாவட்டத்தையே சேர்ந்திருந்தது. பாதிரியார் சொல்வதும் சந்தைக்காரர் சொல்வதும் காஸ்கோன் என்றால் மொழி எப்படி மாறும்?

1812இல் நெப்போலியன் அரானைப் பிரான்ஸோடு இணைத்தார். 1815இல் அது திரும்பி வந்தது. அந்த மூன்று ஆண்டு ஏற்பாடு நிலைத்திருந்தால் அரானேஸின் கதை எப்படி இருந்திருக்கும் என்பதற்குப் பிரான்ஸ் பற்றிய கேள்வியில் பதில் இருக்கிறது.

சொந்த ஆட்சி இருந்தது என்றால் அது தொடர்ந்து இருந்ததா?

இல்லை. ஸ்பெயின் தாராளவாத அரசு நாட்டை மாகாணங்களாகப் பிரித்தபோது, 1834இல் அரானின் பொது அவை கலைக்கப்பட்டது. அதற்குப்பின் ஒன்றரை நூற்றாண்டு, ஸ்பானியம் மட்டுமே அரசின் மொழி, பள்ளியின் மொழி. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் இது இன்னும் கடுமையாயிற்று. ஆனாலும் வீட்டில் பேச்சு தொடர்ந்தது. அரசாங்கம் எட்டாத தூரத்தில் இருந்ததே ஒருவகையில் காவலாயிற்று.

பிறகு ஆட்சிமொழி ஆனது எப்போது?

ஒரே நாளில் அல்ல, படிப்படியாக. பிராங்கோ இறந்தபின் வந்த 1979ஆம் ஆண்டுக் கத்தலோனியத் தன்னாட்சிச் சட்டம், அரானேஸ் கற்பிக்கப்பட வேண்டும், சிறப்பாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சொன்னது. 1983இல் எழுத்துமுறை வரையறுக்கப்பட்டது. 1984இல் பள்ளிக்குள் நுழைந்தது. 1990இல் கத்தலோனிய நாடாளுமன்றம் அரானுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, பள்ளத்தாக்கில் அரானேஸ் ஆட்சிமொழி என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே பொது அவையும் மீண்டும் உயிர்பெற்றது. அதன் பெயர் கொன்சேல் ஜெனெராவ். தலைவரை ‘சிந்திக்’ என்பார்கள். அவை உறுப்பினர்கள் 13 பேர், பழைய தெர்சோன் வட்டாரங்களின் அடிப்படையிலேயே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2015இல் வந்த இன்னொரு சட்டம் இந்த ஏற்பாட்டைப் புதுப்பித்தது.

கத்தலோனியா முழுவதும் இது ஆட்சிமொழி என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முதன்முதலில் கேள்விப்படும் யாரும் நம்பத் தயங்குவார்கள். 2006ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, “அரானில் அரானேஸ் எனப்படும் ஒக்சிதான்” அந்தப் பள்ளத்தாக்கின் சொந்த மொழி, அதோடு கத்தலோனியா முழுவதிலும் ஆட்சிமொழி என்கிறது. எண்பது லட்சம் பேர் வாழும் பகுதியில் கத்தலான், ஸ்பானியம் இரண்டோடும் மூன்றாவதாக இது. 2010இல் இதற்கென விரிவான ஒரு மொழிச் சட்டமும் வந்தது.

நடைமுறை வேறு. பார்சலோனாவில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய் அரானேஸில் பேசினால் எதிரில் இருப்பவர் விழிப்பார். எழுத்துப்பூர்வமாக மனு கொடுக்கும் உரிமை உண்டு. சில அரசு இணையப் பக்கங்களும் சட்டங்களும் அரானேஸில் கிடைக்கும். என் கணிப்பில், அந்தப் பிரிவின் மதிப்பு பார்சலோனா அலுவலகத்தில் இல்லை. ஒரு சிறு பள்ளத்தாக்கின் பேச்சை “ஒக்சிதான்” என்ற பெரிய பெயரால் அழைத்ததில்தான் இருக்கிறது. தன் மொழி எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது என்று சட்டமே சொல்லும்போது, அதை வெறும் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்குவது கடினமாகிறது.

நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டதா?

முழுவதையும் அல்ல. 2010 சட்டம் அரானின் நிர்வாகத்தில் அரானேஸுக்கு மற்ற இரண்டு மொழிகளுக்கும் மேலான முன்னுரிமை கொடுத்திருந்தது. மத்திய அரசு அதை எதிர்த்து வழக்குப் போட, 2018இல் ஸ்பெயின் அரசமைப்பு நீதிமன்றம் அந்த முன்னுரிமை செல்லாது என்றது. ஓர் ஆட்சிமொழியை இன்னொன்றுக்கு மேலே வைக்கக்கூடாது என்பது வாதம். ஆட்சிமொழித் தகுதி அப்படியே இருக்கிறது.

தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஐம்பது கோடி பேர் பேசும் ஸ்பானியத்தையும் சில ஆயிரம் பேர் பேசும் அரானேஸையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு ஓடச் சொன்னால் யார் முன்னால் போவார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

பள்ளியில் எப்படிக் கற்பிக்கிறார்கள்?

சின்ன வயதில் அதிகம், வளர வளரக் குறைவு. மழலையர் வகுப்புகளில் அரானேஸ்தான் முக்கியப் பயிற்றுமொழி. தொடக்கப் பள்ளியில் கத்தலானும் ஸ்பானியமும் சேர்ந்துகொள்கின்றன. அதோடு வெளிநாட்டு மொழி. பிரான்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் பிரெஞ்சுக்கும் இடம் உண்டு. பத்து வயதுப் பிள்ளை நான்கைந்து மொழிகளோடு பழகுவது அங்கே சாதாரணம். உயர்நிலைக்குப் போனதும் அரானேஸ் நேரம் சுருங்கிவிடுகிறது. கல்லூரிக்கு எப்படியும் பள்ளத்தாக்கை விட்டுப் போக வேண்டும்.

எத்தனை பேர் பேசுகிறார்கள்?

2001 கணக்கெடுப்பின்படி பள்ளத்தாக்கு மக்களில் 89 சதவீதம் பேருக்குப் புரியும், 62 சதவீதம் பேர் பேசுவார்கள், 58 சதவீதம் பேர் படிப்பார்கள், 27 சதவீதம் பேர் எழுதுவார்கள். ஆட்களின் எண்ணிக்கையில் பார்த்தால் பேசத் தெரிந்தவர்கள் ஐயாயிரத்தைச் சுற்றி.

இந்தச் சதவீதங்களை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பேசத் தெரிந்தவர் வேறு, தாய்மொழியாகக் கொண்டவர் வேறு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றில் ஒருவருக்கு அரானேஸ் தாய்மொழி. பத்தாண்டுக்குள் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இன்று பள்ளத்தாக்கில் அதிகம் கேட்கும் மொழி ஸ்பானியம்தான்.

ஆட்சிமொழி ஆனபின்னும் ஏன் குறைகிறது?

சட்டம் வருவதற்கு முன்பே பாதை திறந்துவிட்டது என்பதுதான் சுருக்கமான பதில். 1948இல் வியெல்யா சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஐந்து கிலோமீட்டர் நீளம். அதுவரை குளிர்காலத்தில் ஸ்பெயினோடு தொடர்பே இல்லாத ஊர், ஆண்டு முழுவதும் தெற்கோடு இணைந்தது. நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதே வழியாக நீர்மின் திட்டங்களுக்கும் கட்டுமானத்துக்கும் ஸ்பெயினின் மற்றப் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள்.

1964இல் பாக்கேய்ரா பனிச்சறுக்கு மையம் தொடங்கியது. இன்று ஸ்பெயினின் மிகப் பெரிய, வசதியானவர்கள் கூடும் பனிச்சறுக்கு இடங்களில் அது ஒன்று. மாடு மேய்த்த பள்ளத்தாக்கு விடுதி நடத்தும் பள்ளத்தாக்கு ஆயிற்று. விடுதியில் சமைக்க, துப்புரவு செய்ய, கட்டடம் கட்ட ஆட்கள் வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் பொதுவான மொழி ஸ்பானியம். அரானேஸ் தெரியாமலேயே அங்கே பிழைக்கலாம், தெரிந்தால் பாராட்டு கிடைக்கும், கூலி கூடாது.

வீட்டு விலையும் இதில் சேர்ந்தது. நகரத்துப் பணக்காரர்கள் வாங்கி வைத்த விடுமுறை வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கின்றன. உள்ளூர் இளம் தம்பதிகளுக்குக் கட்டுப்படியாகும் வீடு கிடைப்பதில்லை. பிள்ளைகளோடு அரானேஸ் பேசக்கூடிய தலைமுறையே வெளியேறினால், பள்ளியில் எத்தனை மணி நேரம் வைத்து என்ன பயன்? மொழிச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாடகையைப் பற்றியும் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரான்ஸில் ஒக்சிதானின் நிலை என்ன?

பிரான்ஸின் தெற்கு மூன்றிலொரு பங்கு அதன் பழைய நிலம். ஆனால் அங்கே ஆட்சிமொழித் தகுதி ஓர் ஊரில்கூடக் கிடையாது. 1992இல் “குடியரசின் மொழி பிரெஞ்சு” என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். 2008இல் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் சொத்து என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதில் உரிமை ஏதும் இல்லை. சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் 1999இல் பிரான்ஸ் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. ஸ்பெயின் 2001இலேயே உறுதிப்படுத்திவிட்டது.

பெற்றோர்களே முன்வந்து நடத்தும் ‘கலந்த்ரேத்தா’ பள்ளிகள் 1979 முதல் இயங்குகின்றன; முதல் பள்ளி பொ நகரில் தொடங்கியது. முழுக்க முழுக்க ஒக்சிதானிலேயே கற்பிப்பது இவற்றின் முறை. 2021இல் வட்டார மொழிகளுக்கு ஆதரவான ஒரு சட்டம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அரசமைப்பு மன்றம் சரியாக இந்த முறையைத்தான் செல்லாது என்றது. அரானிலிருந்து ஆற்றோடு சில கிலோமீட்டர் இறங்கினால் இதுதான் நிலை. 1815இல் எல்லை வேறு பக்கம் விழுந்திருந்தால் அரானேஸுக்கும் இதுவே.

இத்தாலியில்?

பியெமோந்தே மலைப் பள்ளத்தாக்குகளில் பேசுகிறார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கப்பட வேண்டிய சிறுபான்மை மொழிகளில் ஒன்றாக அங்கீகரிக்கிறது. தெற்கே கலாப்ரியாவிலும் குவார்தியா பியெமோந்தேசே என்று ஓர் ஊர் உண்டு. இடைக்காலத்தில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள்.

எழுத்துமுறையை யார் தீர்மானிக்கிறார்கள்?

அரானேஸ் ஆய்வு நிறுவனம். 2014இல் அதற்கு மொழி அகாதெமி என்ற சட்ட அங்கீகாரம் கிடைத்தது. எழுத்துமுறை ஒக்சிதானின் பொது மரபைத்தான் பின்பற்றுகிறது, அதனால் துலூஸ்காரர் ஒருவர் அரானேஸ் பக்கத்தைப் பெரிய தடுமாற்றமின்றிப் படிக்கலாம். உள்ளூர் உச்சரிப்புக்கு எவ்வளவு நெருங்கிப் போகலாம், பொது ஒக்சிதானுக்கு எவ்வளவு நெருங்கிப் போகலாம் என்ற வழக்கமான சண்டை இங்கேயும் உண்டு.

மொழியை ஆழமாக ஆராய்ந்தவர்களில் கத்தலான் அறிஞர் ஜோவான் கொரோமினெஸைச் சொல்ல வேண்டும். 1931இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அரானேஸ் சொற்களைப் பற்றியதுதான். எழுத்தாளர்களில் முன்னோடி ஜுசேப் கொந்தோ (1867–1919), ஒரு பாதிரியார்.

கணினியில், இணையத்தில் அரானேஸ் இருக்கிறதா?

அளவைப் பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கிறது. கத்தலான், ஸ்பானியம் இரண்டோடும் அரானேஸை மொழிபெயர்க்கும் கட்டற்ற மென்பொருளை ‘அபெர்தியும்’ திட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது. அரசு நிதி வந்ததற்குக் காரணம் ஆட்சிமொழித் தகுதி. கூகுள் மொழிபெயர்ப்பில் ஒக்சிதான் சேர்ந்தது 2024இல்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு இடம் உண்டா?

இல்லை. 2023இல் ஸ்பெயின் அரசு கத்தலான், பாஸ்க், கலீசியன் மூன்றையும் ஒன்றியத்தின் அலுவல் மொழிகளாக்கக் கேட்டது. அரானேஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

நேரில் போனால் அரானேஸ் கேட்க முடியுமா?

பனிச்சறுக்குப் பருவத்தில் பாக்கேய்ராவில் தேடினால் கிடைக்காது. கீழ் அரான் கிராமங்களான லேஸ், போஸ்ஸோஸ்ட் பக்கம் போங்கள். ஜூன் மாதம் நல்லது. 17ஆம் தேதி பொது அவை மீட்கப்பட்டதைக் கொண்டாடும் அரான் திருநாள். 23ஆம் தேதி இரவு லேஸில் ‘ஹாரோ’ என்ற நெருப்புத் திருவிழா. ஓராண்டு காயவைத்த ஊசியிலை மரத்தண்டை நட்டுவைத்துக் கொளுத்துவார்கள். பிரனீஸின் இந்தக் கோடைத் தீ விழாக்களை 2015இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கடையில் நுழைந்ததும் ‘போன் தியா’ என்று வணக்கம் சொல்லுங்கள். கிளம்பும்போது ‘அதியு’. நன்றிக்கு ‘மெர்சேஸ்’. பதில் பெரும்பாலும் ஸ்பானியத்தில்தான் வரும், வெளியூர்க்காரரிடம் அப்படிப் பேசியே பழகிவிட்டார்கள். சற்று வயதானவர் கடை என்றால் இன்னொரு முறை முயன்று பாருங்கள்.